உக்காந்துட்டியா?

அனுப்பி ஒரு மணி நேரம் கழித்துத்தான் சரிதா கவனித்தாள். கதை பத்திரிகை ஆசிரியருக்குப் போகவில்லை. மாமியாருக்குப் போயிருந்தது.

"யூனிஸ் அக்கா, செத்தேன்!"

பக்கத்து மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்த யூனிஸ் எட்டிப் பார்த்தாள். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் உள்ள அந்தச் சின்னக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருப்பதே இவர்கள் இரண்டு பேர்தான்.

"ஆசிரியர் அம்மாவையும் மாமியாரையும் எப்படிடி குழப்பிக்கிட்டே?"

"ஆசிரியரை 'அத்தை பல்லாவரம்'னு போட்டு வச்சிருக்கேன். வீட்ல யாராவது போனைப் பார்த்தா சொந்தக்காரங்கன்னு நினைச்சுக்கட்டும்னு..."

சரிதா எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. கதைகள் 'மதுரவாணி' என்ற பெயரில் வரும். வாசகர் கடிதங்கள் ஆபீஸ் முகவரிக்கு வரும். 'உங்கள் துணிச்சல் எனக்கு இல்லையே' என்று எழுதும் வாசகிகளுக்கு மெனக்கெட்டுப் பதில் போடுவாள்.

"சரி, என்ன கதை?"

"தலைப்பு 'உக்காந்துட்டியா?' மருமகள் எழுத உட்காரும்போதெல்லாம் மாமியார் கேட்கிற கேள்வி. கடைசியில அவ பாத்ரூம்ல போய், பக்கெட்டைக் கவுத்துப் போட்டு அது மேல உட்கார்ந்து போன்ல எழுதறா."

"பேரையாவது மாத்தினியா?"

"பேரை மாத்தினேன். மீன் விக்கிறதை மாத்தலை."

யூனிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "நேர்ல அத்தை, அத்தைன்னு உருகுவே. உள்ளுக்குள்ள இவ்வளவு வச்சிருந்தியா! முதல்ல அழி. அவங்க போன்லயும் சேர்த்து அழி."

அழித்தாள். ஆனால் படித்ததற்கான நீல டிக் எப்போதோ விழுந்திருந்தது.

மாமியார் முத்தாலம்மாளுக்குக் கீழ்க்கட்டளை மார்க்கெட்டில் மீன் வியாபாரம். அடுக்குமாடிக்காரர்கள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் அனுப்புவார்கள். எது வந்தாலும் அப்படியே கோவளத்திலிருந்து மீன் அனுப்பும் தம்பிக்குத் தள்ளிவிடுவது அவள் கைப்பழக்கம்.

"இந்நேரம் கோவளமே படிச்சிருக்கும்க்கா."

"சரி, ஆசிரியருக்காவது இப்போ அனுப்பு. இன்னிக்குத்தானே கடைசி நாள்? அவங்களே கேட்டு வாங்கற முதல் கதைன்னு குதிச்சியே."

"வேணாம். அத்தை படிச்சதே போதும். அச்சுல வேற வந்தா, அந்த வீட்ல நான் எப்படி இருக்கிறது?"

பஸ் பல்லாவரம் மேம்பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது ஆறு மணிக் கெடு முடிந்துபோனது. போனை எடுத்தாள். திரும்பப் பைக்குள் போட்டாள்.

வீட்டில் முத்தாலம்மாள் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மத்தியானம் இன்னாமோ அனுப்ச்சே. அப்பால பாத்தா காணோம்."

"ஆபீஸ் கணக்கு அத்தை. கை தவறி வந்துடுச்சு."

"கணக்கா?"

"ஆமா அத்தை."

"இன்னா கணக்கோ. பக்கெட்டெல்லாம் வந்துச்சு."

மாமியார் அடுத்த மீனை எடுத்தாள். செதில்கள் தெறித்தன. திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை.

பைக்குள் போன் அதிர்ந்தது. 'அத்தை பல்லாவரம்'.

அறைக்குள் ஓடிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

'சரிதா, கதை மத்தியானமே வந்துவிட்டது. வேறு நம்பரிலிருந்து. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜும். நீங்களே கேளுங்கள்.'

சத்தத்தைக் குறைத்துக் காதோடு வைத்தாள். மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவே மாமியாரின் குரல்.

"வணக்கம்மா. எம் மருமவ உனக்கு எழுதுன கதை தப்பா எனக்கு வந்துட்ச்சு. மேல உன் பொஸ்தகம் பேரும், இன்னிக்குத்தான் கடைசி நாளுன்னும் எழுதிக் கீது. கடையில உன் பொஸ்தகம் வாங்கி, அதுல நம்பர் பாத்துத் தள்ளிவுட்டேன். இப்பப் பாத்தா எனக்கு வந்ததை அழிச்சிக் கீறா. பயந்துகினு உனக்கும் அனுப்ப மாட்டா, அதான் சொல்றேன். அதுல வர்ற மாமியா நான்தான். எல்லாம் நெஜந்தான், ஒண்ணும் வெட்டாத. அந்த மதுரவாணி மட்டும் வாணாம். எம் மருமவ பேரு சரிதா. அதையே போடு."

போன் கையிலேயே இருந்தது. சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"இன்னா, உக்காந்துட்டியா?"

சரிதா பதறி எழுந்தாள். "இல்லத்தை, இதோ வந்துட்டேன்."

"யாரு உன்னை வரச் சொன்னா? கொழம்பு நான் வச்சுக்குறேன். கட்டில்லயே குந்திகினு எழுது. பக்கெட்டை நிமித்தி வச்சுட்டேன்."