கன்னியாகுமரி போய் வந்தவர்

தாசில்தாரின் மேசைமேல் நாகம்மாள் ஒரு ஜோடிச் செருப்பை வைத்தாள். குழந்தைச் செருப்பு. சிவப்பு வார். அடியில் ஏரிச் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"கிளார்க்கு ஐயாவூட்டுப் பாப்பா வுட்டுட்டுப் பூட்ச்சு சாமி. பொங்க லீவுல ஒரு வாரம் பழவேற்காட்டுல இருந்தாங்களே, அப்போ."

ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

கிளார்க் உலகநாதன் அப்போதுதான் கன்னியாகுமரியிலிருந்து வாங்கி வந்த பல நிற மணல் பொட்டலங்களை மேசை மேசையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். கையில் இன்னும் நாலு பொட்டலம் மிச்சம்.

குடும்பத்தோடு போய்ச் சொந்த நாட்டைச் சுற்றிப் பாருங்கள், பயணச் செலவு நம்முடையது என்று சர்க்கார் தன் ஊழியர்களுக்குச் சலுகை கொடுத்திருந்தது. நம் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? மாமியார் வீட்டில் காலை நீட்டிப் படுத்துக் கிடந்துவிட்டு, எங்கிருந்தோ டிக்கெட்டுகளைத் தேற்றி வந்து நீட்டுவார்கள். அந்த எண்பத்து மூன்றாம் வருஷத்தில் அதே ஆபீசில் ஏற்கெனவே இரண்டு பேர் மாட்டிக்கொண்டு, சஸ்பெண்ட் ஆகி வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

பொங்கல் லீவில் கன்னியாகுமரி போய் வந்ததற்கான உலகநாதனின் பயண பில் இன்றைக்குத்தான் தாசில்தார் கையெழுத்துக்குப் போகிறது என்று பியூன் சின்னப்பன் நாகம்மாளிடம் இறால் வாங்கும்போது பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். நாகம்மாள் நாள் பார்த்துத்தான் வந்திருந்தாள்.

இரண்டு வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தாள்.

மகள் எல்லம்மாவுக்கு ஹாஸ்டலில் இடம் கிடைத்திருந்தது. இருளர் என்று ஒரு சான்றிதழ் மட்டும் காட்ட வேண்டும். மனு கொடுக்க வந்த இடத்தில், அந்தப் பெண் அப்பாவை நைனா என்று சொன்னது உலகநாதன் காதில் விழுந்தது. ஏரிக்கரைக்கு நேரில் போய் விசாரித்ததில் இவர்கள் இருளர் அல்ல, ஆந்திராக்காரர்கள் என்று தெரிகிறது என எழுதி மனுவைத் தள்ளிவிட்டார். விசாரிக்க என்று ஒரு ஈ காக்காய் அந்தப் பக்கம் வரவில்லை.

எல்லம்மா இப்போது பறிக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஏரியில் முட்டி போட்டு, கையால் துழாவி இறால் பிடிக்கிறாள். சிப்பி கிழித்துக் கிழித்து முழங்காலில் ஆறாத புண். அந்தப் புண்ணுக்கு மஞ்சள் வைக்கும்போதெல்லாம் நாகம்மாள் உலகநாதனின் பேரைச் சொல்லித் திட்டுவாள்.

தாசில்தார் துருவித் துருவிக் கேட்டார். நாகம்மாள் அசரவில்லை. பூநாரையைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும் என்று பாப்பா அடம்பிடித்தது, படகு ஆடியதில் அம்மாவுக்கு வாந்தி வந்தது, ஐயா லுங்கியோடு கரையில் உட்கார்ந்து நண்டுக் காலை உடைத்து உறிஞ்சியது என்று நிதானமாகச் சொன்னாள். பக்கத்து மேசைக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மணல் பொட்டலம் வாங்கியவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

உலகநாதன் பதறிப்போய் ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். மனைவி, மகள், பின்னால் கடலும் பாறையும்.

தாசில்தார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்படிக் கடல் வரைந்த துணி மீஞ்சூர் ஸ்டூடியோவிலும் தொங்குகிறது என்றார்.

அப்போதுதான் உலகநாதன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். இவள் ஆந்திராக்காரி, அந்த ஊரில் இவளை ஒருத்தருக்கும் தெரியாது, நானே ஏரிக்கரை முழுக்க வீடு வீடாகப் போய் விசாரித்திருக்கிறேன் என்று கத்தினார்.

அப்படியானால் ஏரிக்கரை உங்களுக்கு நல்ல பழக்கம்தான் என்றார் தாசில்தார்.

ஏரிக்கரையை மிதித்ததே இல்லை என்று இப்போது சொன்னால், அன்றைக்கு எழுதியது பொய் என்றாகும். உலகநாதன் மிச்சமிருந்த மணல் பொட்டலங்களை மேசைமேல் வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

தாசில்தார் பில்லின் குறுக்கே சிவப்பு மையால் கோடு கிழித்தார். மேலே எழுதப் போவதாகவும், பதில் வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொன்னார்.

நாகம்மாளுக்கு வயிறு குளிர்ந்தது. அந்த முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம் போலிருந்தது. பார்த்தாள். பிறகு தாசில்தாரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த எல்லம்மா, அம்மாவின் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரை நடந்தாள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான், பொங்கல் லீவு முழுக்க நான் ஏரியிலேயே கிடந்தேனே, அவர்கள் என் கண்ணில் படவேயில்லையே, எந்த நாளில் வந்தார்கள் என்று அம்மாவைக் கேட்டாள்.

"நானுந்தான் பாக்கல" என்றாள் நாகம்மாள். "அவுரு மட்டும் நம்பளப் பாத்துட்டா எழுதினாரு?"