நாற்பத்தோராவது தடவை

இசையமைப்பாளர் டீ குடிக்கப் போனதும் கீபோர்டு மறுபடியும் புலம்பத் தொடங்கியது.

"சாயங்காலத்துக்குள்ள இந்தக் காட்சிக்கு இசை முடியணும். டைரக்டர் ரெண்டு தடவை வேண்டாம்னுட்டார். என் வயலின் சத்தத்துல என்ன குறை?"

"சத்தத்துல ஒண்ணும் குறையில்லை. உனக்குத்தான் பொறுமை இல்லை" என்றது, எதிரே படம் ஓடும் திரை. "காட்சியில மரகதம் இன்னும் சோறு வடிச்சுக்கிட்டு இருக்கா. போன் இப்பதான் அடிக்குது. அதுக்குள்ள நீ ஒப்பாரி வைக்கிறே."

"அவ புருஷன் செத்துட்டான்னு சொல்லத்தானே அந்த போன்?"

"அது உனக்குத் தெரியும். நாற்பது தடவை பார்த்துட்டே. அவளுக்குத் தெரியாதே!"

கீபோர்டுக்கு முகம் தொங்கிப்போனது. "சரி, இன்னொரு தடவை ஓட்டு. வாயை மூடிக்கிட்டுப் பார்க்கிறேன்."

திரை காட்சியை ஓட்டியது. போன் அடித்தது. கீபோர்டின் சின்ன விளக்குகளெல்லாம் படபடத்தன.

"இப்ப வாசிக்கவா?"

"பொறு."

மரகதம் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஒன்றும் பேசாமல் கேட்டாள்.

"இப்பவாவது?"

"பொறுன்னா பொறு."

மரகதம் போனை வைத்தாள். அடுப்பை அணைத்தாள். புருஷனுக்காக எடுத்து வைத்திருந்த தட்டை மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள்.

"ம், இப்ப வாசி" என்றது திரை.

கீபோர்டிலிருந்து சத்தமே வரவில்லை.

"என்ன ஆச்சு?"

"அந்தத் தட்டு..." என்றது கீபோர்டு. "அது எப்ப அங்க வந்துச்சு?"

"நாற்பது தடவையும் அங்கதான் இருந்துச்சு."