முத்திரை இல்லாத கல்

மண்டி மொஹல்லா சந்தையில் பூண்டு விற்கும் அஞ்சலை, தராசு சோதிக்கும் அதிகாரி மஞ்சுநாத்தைக் கண்டதும் எடைக்கல்லை மடியில் மறைத்துக்கொண்டாள். நாலு வருஷமாக அரசு முத்திரை போடாத கல்.

“எடும்மா!”

“வேணாம் ஸ்வாமி! மூட்டை மூட்டையா வித்தும் கையில ஒண்ணும் நிக்கல. இதையும் புடுங்கினா நானும் எம்பொண்ணும் சாகவேண்டியதுதான்.”

“எடையில ஏமாத்தறியா?”

“எம்பொண்ணு மேல சத்தியமா இல்ல! வாரம் தவறாம லட்சுமிக்குப் பூசை போடறவ நான்.”

அவர் கல்லை வாங்கித் தம் தராசில் வைத்தார். முகம் மாறியது.

“ஒரு கிலோ கல்லு அம்பது கிராம் கூடுதலா இருக்கு. கிலோவுக்குக் கிலோ அவ்வளவு பூண்டைச் சும்மா அள்ளிக் குடுத்திருக்கீங்கம்மா.”

“கல்லு எப்படி ஸ்வாமி வளரும்?”

எண்ணெயும் அழுக்குமாகக் கறுத்திருந்த கல்லை அவர் பேனாக்கத்தியால் சுரண்டினார். சந்தனமும் குங்குமமுமாக நாலு வருஷத்து வெள்ளிக்கிழமைகள் பாளம் பாளமாக உதிர்ந்தன.

அஞ்சலை உதிர்ந்ததைக் கையில் அள்ளிப் பார்த்தாள். வியாபாரம் படுக்கப் படுக்க, அவள்தானே கல்லுக்கு வைக்கும் பொட்டை இன்னும் கெட்டியாக அப்பிக்கொண்டு வந்தாள்!