மண்ணில் படாத கால்

டிரயல்ஸ் பைக்குக்கு சீட் கிடையாது. நின்றுகொண்டே பாறை ஏற வேண்டும். கால் தரையில் பட்டால் தோல்வி. கணவன் விழுந்து செத்த கல்குவாரியிலேயே, அவனுடைய அதே வண்டியில், அவள் இப்போதுதான் பழகிக்கொண்டிருந்தாள்.

வண்டியை விற்றுவிட வேண்டும் என்று கொழுந்தன் ஒற்றைக் காலில் நின்றான். கடைசியில் ஒரு பந்தயத்துக்கு இறங்கிவந்தான்.

“கால் ஊனாம அந்தப் பாறையைத் தாண்டிட்டா வண்டி உங்களுக்கு. ஊனினா நாளைக்கே வித்துடுவேன். அப்புறம் அழக் கூடாது அண்ணி.”

“சைக்கிள்லயே விழறவன் பேச்சைப் பாரு. தள்ளி நில்லு.”

கிளட்சில் ஒரு விரல் வைத்து, முழங்காலைத் தளர்த்திக்கொண்டாள். மழை ஊறிய சரிவில் வண்டி மெதுவாக ஏறியது. உச்சிக்கு ஒரு முழம் இருக்கையில் முன்சக்கரம் வழுக்கியது. வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. கணவன் விழுந்து செத்ததும் அந்தப் பக்கம்தான். பந்தயமாவது ஒன்றாவது என்று இடது காலை நீட்டி ஊன்றிவிட்டாள். சாய்ந்த வண்டி அப்படியே நின்றது. இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

“தோத்துட்டேன்டா,” என்றாள். “வித்துடு.”

கீழேயிருந்து கொழுந்தன் சிரித்தான். “எங்க தோத்தீங்க? கால் மண்ணுல படவே இல்லையே!”

பிறகு அவன் சிரிப்பு நின்றது.

“அண்ணி, எது மேல ஊனி நிக்கிறீங்க?”

அவள் குனிந்து பார்க்கவில்லை. அவளுடைய பாதத்துக்கு அடியில், அன்று கணவன் போட்டிருந்த ஈரத் தோல் பூட்ஸ் ஒன்றுக்குள், கால்விரல்கள் மெல்ல மடங்கின.