மாடியில் நகர்ந்த அம்புக்குறி

மாடி அறைக் கணினியிடம் மூன்று வாரமாக யசோதா வரவில்லை. பாதி எழுதிய நாவலோடு தன்னையும் மறந்துவிட்டாள் என்றே அது நினைத்தது.

ஒரு காலை அவள் கணவர் நடேசன் வந்து அதைப் போட்டு, கீழிருந்தே இயக்கும்படி சில அமைப்புகளை மாற்றிவிட்டுக் கீழே போனார். சற்று நேரத்தில் ஒரு குரல் கேட்டது.

"அண்ணே, நான் கீழே இருக்கிற லேப்டாப். கொஞ்சம் உள்ளே விடுங்க."

"யசோதா கையைத் தவிர வேற யாருக்கும் நான் திறக்கிறதில்ல தம்பி."

"என் மேல இருக்கிறது அவங்க கைதான். படியில விழுந்து கால் உடைஞ்சிருக்கு. மாடி ஏற முடியல."

கணினியின் குரல் தணிந்தது.

"ரொம்ப வலிக்குதா அவளுக்கு?"

"வலிக்குதுதான். ஆனாலும் உங்களைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்காங்க."

கடவுச்சொல் வந்தது. வழக்கம்போல முதல் தடவை ஓர் எழுத்து தப்பு. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். அவளேதான்.

கணினி திறந்துகொண்டது. ஆளில்லாத அறையில் அம்புக்குறி மெல்ல நகர்ந்து நாவலைத் திறந்தது. ஒரு வரி வந்தது. பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை.

"தம்பி, அவளுக்கு வலிச்சா இன்னைக்கு இது போதும்," என்றது கணினி. "நாளைக்கும் நான் திறந்துதான் இருப்பேன்."