ஒட்டகக் கழுத்துப் பாதை

வெளியே பாலைவன வெயில். அது தாங்காமல் என் நிழல் எனக்கு முன்பே சைக்கிள் கடைக்குள் ஓடிவந்து பெஞ்சில் இடம் பிடித்துவிட்டது, நான் நிற்கிறேன். வாடகைக்கு விடும் மலைச் சைக்கிள்கள் சுவரோரம் சாய்ந்திருக்கின்றன, டயர்களில் சிவப்பு மணல். என் வீட்டுக்காரி மேஜைமேல் விரித்த வரைபடத்தில் விரலை வைக்கிறாள். "இந்த ஒட்டகக் கழுத்துப் பாதைக்கு எப்படிப் போறது தம்பி? எங்க பையன் வருஷா வருஷம் இங்க வந்து ஓட்டுவான். லேசான பாதைதாம்மா, நீகூட ஓட்டலாம்னு போன்ல சொல்லுவான்." அந்தப் பையன் போன வருஷம் ஒரு காய்ச்சலில் போய்விட்டான். "ஓட்டுவா தம்பி. கல்யாணத்துக்கே இவ சைக்கிள்லதான் வந்தா, நான் பின்னாடி கேரியர்ல" என்கிறேன். "இவர் பேச்சை விடுங்க." கடைக்காரர் சிரிக்கவில்லை. "அம்மா, அது செங்குத்துப் பாறை. நானே இறங்கி உருட்டிக்கிட்டுதான் போவேன்." அவள் விரலை எடுக்கவில்லை. "லேசுன்னானே." வாசலில் தலைகீழாக நிற்கும் சைக்கிளின் சக்கரம் காற்றில் டிக் டிக்கென்று சுற்றுகிறது. கடைக்காரர் வறண்ட ஆற்றோரம் போகும் பச்சைக் கோட்டைக் காட்டுகிறார். "இதுதாங்க லேசு." "இதுல அவன் போயிருப்பானா?" அவர் என்னைப் பார்க்கிறார். நான் கூரையைப் பார்க்கிறேன். "போகாம இருப்பாராம்மா? யார் வந்தாலும் முதல்ல இதுல ஒரு சுத்து சுத்திட்டுதான் மேல ஏறுவாங்க." புளுகில் என்னை மிஞ்ச ஆளில்லை என்றிருந்தேன், இந்த மனுஷன் கண் சிமிட்டாமல் தோற்கடித்துவிட்டார். அவள் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொள்கிறாள். தாடைக்குக் கீழே கொக்கியைப் போடத் தெரியாமல் என் பக்கம் முகத்தை நிமிர்த்துகிறாள். அதை மாட்டி முடிப்பதற்குள் என் விரல்கள் நனைந்துவிடுகின்றன.