வரப்பில் வந்த பிரேசில்

"சாவுக்கு அடிக்கிற அடி இல்ல, சாமிக்கு அடிக்கிற அடியும் இல்ல. பின்ன என்னப்பா இது?"

வரப்பில் குடையை ஊன்றிக்கொண்டு கேட்டார் மிராசுதாரின் காரியக்காரர் கலியபெருமாள். 'என்னடா' என்றுதான் நாக்கு நுனிவரை வந்தது. ஆட்சி மாறி, சங்கக் கொடியும் ஊருக்குள் ஏறிய பிறகு, பாதி வார்த்தைகளை விழுங்கியே அவருக்கு வயிறு நிறைந்துகொண்டிருந்தது.

கூலி உயர்வு கேட்டு உள்ளூர்க்காரர்கள் அறுவடைக்கு இறங்கவில்லை. மிராசுதார் தியாகராசன் வெளியூர் ஆட்களை இறக்கினார். உள்ளூர்ப் பறைக்காரன் ரெத்தினம் வரப்பில் உட்கார்ந்து தன் தப்பைத் தட்டினான். அரை மணியில் வெளியூர் அரிவாள்கள் நின்றுவிட்டன. இடுப்புகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

"ரஷ்யாக்காரன் அடியா, சீனாக்காரன் அடியா? உண்மையைச் சொல்லு. உன்னை உள்ள தள்ளியே தீருவேன்னு நிக்கிறாரு ஐயா."

"பிரேசிலுங்க."

"அங்கயும் சங்கம் இருக்கா?"

"அது தெரியாதுங்க. தெரு பூரா ஆடுறாங்க. இங்கிலீசுப் படத்துல பார்த்தேன். பேரு சாம்பாவாம், ஆபரேட்டர் லியாகத் அலி பாய் சொன்னாரு."

"நெல்லுப் பேரு மாதிரியில்ல இருக்கு! படத்துல கதை என்ன?"

"கதை யாருக்குங்க புரிஞ்சுது? பாட்டுக்காகவே ஒம்பது தடவை போனேன். போசா நோவான்னு இன்னொண்ணு இருக்குங்க. காதுல ரகசியம் சொல்ற மாதிரி."

விரல் நுனியால் மெல்லத் தட்டிக் காட்டினான். கலியபெருமாள் வந்த வேலையை மறந்தார். "இன்னொரு தடவை" என்றார். அப்புறம், "அந்த மொத அடியையும் அடி" என்றார். குடை தன்பாட்டுக்கு ஆடியது.

"ஆமா, எந்தக் கொட்டகையில பார்த்தே?"

ரெத்தினம் சொன்னான். கலியபெருமாளுக்குப் புரையேறியது.

மிராசுதார் வீட்டில் புகார் மனு தயாரானது. அவர் சொல்லச் சொல்லக் கலியபெருமாள் எழுதினார்.

"சினிமாவுலேர்ந்து வந்தா என்னய்யா? கூலிக்காரனைத் தூண்டிவிடுற அந்நிய நாட்டு அடி! அடிச்சவன் ரெண்டாவது எதிரிதான். இதை இந்தச் சீமைக்குக் கொண்டாந்து பரப்பினான் பாரு, அவன்தான் மொத எதிரி. அவனைப் பிடிச்சா போதும். ஜாமீனே கிடைக்கக் கூடாது, எழுது!"

கலியபெருமாளின் பேனா நின்றது.

"என்ன யோசனை? எப்பேர்ப்பட்ட பெரிய மனுஷனா இருந்தாலும் பேரைப் போடு!"

"போட்டுட்டேங்க ஐயா." கலியபெருமாள் தாளைப் பணிவோடு அவர் பக்கம் திருப்பினார். "வாடகை மலிவுன்னு அந்தப் படத்தை வரவழைச்சு மூணு வாரமா ஓட்டுறது பாபநாசத்துல இருக்கற நம்ம டாக்கீஸுதானுங்களே. கீழ கையெழுத்து மட்டும் போட்டுடுங்க."